பாறைக்குக் காது கொடுக்கிற பிரவீனா

சுள்ளியை ஒடிக்கும்போது பிரவீனா அதைக் காதோரம் வைத்துக்கொண்டுதான் ஒடிக்கிறாள். படக்கென்று ஒடிப்பதில்லை. இரண்டு நுனியையும் பிடித்து மெல்ல மெல்ல வளைக்கிறாள். கண் எங்கேயோ இருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒடிந்ததும் துண்டுகளை என் அடுப்பில் செருகிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். "ஒடையறதுக்கு முந்தி நாலஞ்சு தடவ சொல்லுச்சுங்க்கா, கேட்டீங்களா?" என்கிறாள். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. உலை கொதிக்கிற சத்தம்தான் கேட்டிருக்கும்.

பல்லடம் ரோட்டுக்குத் தெற்கே ஒரு கல்குவாரி. ஊரில் பாறைக்குழி என்போம். அதன் வாசலில் தகரக் கொட்டகை போட்டு, வேலைக்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறேன். பிரவீனாவுக்குக் கோயமுத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் வேலை. பாறை எப்படி உடைகிறது, உடைவதற்கு முன்னால் என்னென்ன அடையாளம் காட்டுகிறது என்று பார்ப்பதுதான் அந்த வேலை. ஆவணி மழையில் எங்கள் குழியின் மேற்குச் சுவரில் ஒரு பிளவு கண்டது. அதைப் பார்க்க வாராவாரம் வருகிறாள். என் மகள் வயசு இருக்கும், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். நேரில் பார்த்தால் "வாங்கம்மணி" தான்.

கணபதியில் வீடு. அப்பா லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். "நாலு லேத்து ஓடுற ஊட்டுலதானுங்க தொட்டில் கட்டியிருந்தாங்க. சத்தம் இருந்தாத் தூங்குவேன். சத்தம் மாறுச்சுன்னா முழிச்சுக்குவேன்" என்று சிரிப்பாள். ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டுதான் குழிக்குள் இறங்குவாள். வலது கை விரல் முட்டிகள் மட்டும் தடித்துக் கறுத்திருக்கும். எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம் அப்படி. தண்ணீர் டிரம், சிமெண்ட் திட்டு, தேங்காய், என் கிரைண்டர் கல், எதுவும் தப்பாது.

ஒருநாள் சாமுவேலின் தலையையே தட்டிவிட்டாள். சாமுவேல் கம்பரசர் வைத்துப் பாறையில் குழி போடுகிற ஆள். சோறு தின்றுகொண்டிருந்தவர் தொப்பியைக் கழற்றாமல் இருந்தார். இவள் பின்னால் போய் டொக் டொக்கென்று தட்டி, "கீறல் உட்டிருக்குதுங்கண்ணா, மாத்திப்போடுங்க" என்றாள்.

"தொப்பி கெடக்குதுங்க மேடம். உள்ள இருக்கறது நல்லாருக்குதுங்களா?"

"அதைப் பாக்கற மிஷின் காலேஜ்ல இருக்குதுங்கண்ணா. எடுத்தாரோணும்."

கொட்டகையே சிரித்தது. ஆனால் அடுத்த வாரம் வரும்போது சாமுவேலுக்குப் புதுத் தொப்பி ஒன்றைக் கையோடு கொண்டுவந்தாள்.

காலேஜில் என்னதான் செய்வாய் என்று கேட்டிருக்கிறேன். கல்லை உருளையாக அறுத்து, மிஷினில் வைத்து நசுக்குவார்களாம். கல்லின் மேல் சின்னதாக ஒரு காது ஒட்டியிருக்குமாம். நெருக்க நெருக்க உள்ளே ஊசி ஒடிகிற மாதிரி சத்தம் வருமாம். முதலில் எப்போதோ ஒன்று, அப்புறம் அடுக்கடுக்காக, அப்புறம் உடைந்துவிடும். "ஆனா எல்லாக் கல்லும் சொல்றதில்லீங்க்கா. சிலது கமுக்கமா இருந்துபோட்டு படார்னு போயிரும். அதுக்குத்தானுங்க நான் பயப்படறது." சாமி கும்பிடுவாயா என்றும் கேட்டேன். "கும்புடாம எப்படீங்க? மலைக்குக் கீழ வேலை பாக்கறவ" என்றாள்.

அவளுக்கு எங்கள் குழியில் ஒரு பட்டப்பெயர் உண்டு. நிறுத்து மேடம். போன வருஷம் வேறொரு குவாரியில் பாறை சரியும் என்று வேலையை நிறுத்தச் சொன்னாளாம். நிறுத்தினார்கள். பாறை சரியவே இல்லை. இன்றைக்கும் அப்படியே நிற்கிறதாம். இந்தக் கதை அவளுக்கு முன்னால் எங்கள் குழிக்கு வந்துவிட்டது. குவாரிக்காரர் சென்னியப்பன் அவளை நேரிலேயே, "வாங்க நிறுத்து மேடம்" என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள். சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது.

மேற்குச் சுவரின் பிளவில் ஒரு கருவி வைத்திருக்கிறாள். பிளவின் இரண்டு கரையிலும் இரும்பு முளை அறைந்து, நடுவில் கைக்கடிகாரம் மாதிரி ஒன்றைப் பொருத்தியிருக்கும். தலைமுடி அளவு பிளவு விரிந்தாலும் முள் முன்னால் போகும். வெயில் ஏறினால் பாறை உப்பிப் பிளவு கொஞ்சம் மூடும், அப்போது முள் பின்னால் போகும். பொழுது சாய்ந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும். "மூச்சு உடுதுங்க்கா" என்பாள். பக்கத்தில் போகாமல் தூரத்தில் நின்று பைனாகுலரில்தான் முள்ளைப் பார்ப்பாள்.

இந்த வருஷம் ஆயுத பூசை நோம்பி வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூசை என்றால் ஸ்குரு டிரைவர் முதல் லாரி வரை கழுவித் துடைத்துப் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். "ஒண்ணும் உட்டுப்போகப்படாது" என்று சென்னியப்பன் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் வைத்தாகிவிட்டது. அப்போதுதான் சாமுவேலுக்கு நினைப்பு வந்தது, மேடத்தின் மிஷின் மேலே தனியாக இருக்கிறதே என்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்தான் சாமுவேல். ஆனால் நோம்பி என்றால் முதல் ஆளாக நிற்பார். மேற்குச் சுவரில் பிளவுக்குப் பக்கத்துத் திட்டு மேல் ஏறி, கருவியை டீசல் போட்டுத் தேய்த்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, முளையோடு சேர்த்து ஒரு வாழைக்கன்றையும் இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினார். "அந்தப் புள்ளையோடதை மட்டும் உட்டா மனசு சங்கடப்படுமுங்க" என்றார். நாங்கள் எல்லாரும் கீழே நின்று நல்ல காரியம் என்றுதான் சொன்னோம். அன்று ராத்திரி நல்ல காற்று. வாழைக்கன்று ஆடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. காலேஜ் லீவு. அவள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தோம், வந்துவிட்டாள். சாமுவேலும் மற்றவர்களும் அவள் முகம் மலர்வதைப் பார்க்க வரிசையாக நின்றார்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். இறக்கினாள். துப்பட்டாவால் துடைத்து மறுபடி வைத்தாள்.

"வாழை கட்டுனது யாருங்க?"

"நாந்தானுங்க மேடம்!"

சாமுவேலின் பக்கம் திரும்பினாள். "நல்லா அழகாத்தானுங்கண்ணா இருக்குது" என்றாள். நேராகச் சென்னியப்பனிடம் போனாள். மேற்குப் பக்கம் யாரும் இறங்க வேண்டாம் என்று சொன்னாள். முள் எக்கச்சக்கமாக முன்னால் போயிருந்தது.

"அது வாழைக்கன்னு இழுத்ததுனால போயிருக்குமம்மணி" என்றார் அவர்.

"இருக்கலாமுங்க."

"அப்பப் பாறைக்கு ஒண்ணுமில்லதானே?"

"தெரியலீங்க."

"தெரியலீன்னு சொல்றதுக்கா உங்களைக் காலேஜ்ல வெச்சிருக்கறாங்க?"

"தெரியாததுனாலதாங்க நிறுத்தச் சொல்றேன். தெரிஞ்சிருந்தா, இன்ன நேரம் வரைக்கும் ஓட்டுங்கன்னாவது சொல்லியிருப்பேன்."

சென்னியப்பன் கெட்ட மனுசர் இல்லை. ஆனால் விஜயதசமி அன்றைக்கு வேலை தொடங்காமல் விட்டால் வருஷம் முழுக்க அப்படியே தடைப்படும் என்கிற நம்பிக்கை அவருக்கு உண்டு, எனக்கும் உண்டு. அவர் முகம் கறுத்துவிட்டது. பிரவீனா மெல்லக் கேட்டாள். "நல்ல நேரம் கெழக்குப் பக்கத்துக்கும் ஒண்ணுதானுங்களே? மொதக் கல்லை அக்கட்ட ஒடைச்சுறலாமுங்களே?" அவர் கிழக்கே திரும்பி நடந்தார். தேங்காய் உடைத்து, கிழக்கே வேலையைத் தொடங்கினார்கள்.

சாமுவேல் நான் ஏறி அவிழ்க்கிறேன் என்று முன்னால் வந்தார். அவள் விடவில்லை. "இங்கயே நின்னு, மேல இருந்து பொடிக்கல்லு உளுகுதான்னு மட்டும் பாருங்கண்ணா. உளுந்தா சத்தம் போடுங்க." தனியாகத்தான் ஏறினாள். கன்றை அவிழ்த்தாள், எண்ணெயைத் துடைத்தாள், முள்ளைப் பழையபடி திருப்பி வைத்தாள், வெசையாக இறங்கிவிட்டாள். வாழை இழுத்ததுதான் காரணம் என்றால் இனி முள் எப்போதும் போல மூச்சு விடும். பாறைதான் காரணம் என்றால் காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் விளக்கினாள்.

என் கொட்டகைப் பக்கம் டிரம்மைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டாள். வேலை நடுவே ஆட்கள் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் ஒரு கேலி.

"ஏனுங்க மேடம், முள்ளு தூங்குதுங்களா?"

"தூங்குதுங்க. நீங்க கத்தி எழுப்பிப்போடாதீங்க."

வெயில் ஏற ஏறப் பதில் குறைந்தது. நான் மோர் கொண்டுபோய் நீட்டினேன். கையை மட்டும் நீட்டி வாங்கினாள், கண்ணை எடுக்கவில்லை. மோர் அப்படியே கையில் இருந்தது.

"இந்நேரம் பின்னால போயிருக்கோணுங்க்கா."

"நிக்குதா கண்ணு?"

"இல்லீங்க. முன்னால போகுது."

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி மேற்கே திரும்பியது. கிழக்கே வெட்டின கல் லோடுக்குப் பத்தவில்லை. மேற்குச் சுவரடியில் முன்னமே உடைத்துப் போட்ட கல் குவிந்து கிடந்தது. ஒரே ஒரு நடை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று சென்னியப்பன் அனுப்பிவிட்டார். பின்னால் தொற்றிக்கொண்டு நாலைந்து பேர், சாமுவேலும் இருந்தார். பிரவீனா மோர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். லாரிக்கு முன்னால் போய், முகப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். டிரைவர் ஆரன் அடித்தார். அவள் நகரவில்லை.

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் குரல் உயர்ந்துவிட்டது.

"இன்னைக்கு அது உளுகலீன்னா இனி என்ற குழிக்குள்ள நீங்க கால் வெக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதமுங்க."

"காலேஜுக்கும் சொல்லிப்போடுவேன். இந்தப் புள்ளை சொல்றதை ஒருத்தனும் கேக்காதீங்கன்னு."

"சொல்லுங்க. நானும் உளுகப்படாதுன்னுதானுங்கண்ணா கும்புட்டுக்கிட்டு இருக்கறேன்."

 சென்னியப்பன் வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். சாமுவேல் இறங்கி வந்து, என் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு தலையைக் குனிந்திருந்தார். நான் மாகாளியம்மனை நினைத்துக் கண்ணை மூடினேன். என்னவென்று வேண்டுவது? விழுந்தால் பாறை விழுந்ததாகும், விழாவிட்டால் இந்தப் பெண் சொல் விழுந்ததாகும். ஆளுகளைக் காப்பாத்து தாயே என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினேன்.

பொழுது சாய்கிற நேரம். டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். கிழக்கே வேலை செய்தவர்களும் டீக்கு வந்துவிட்டார்கள். முதலில் சரளை உதிர்கிற மாதிரி லேசாக ஒரு சத்தம். பிரவீனா எழுந்து நின்றாள், கழுத்தில் தொங்கின ஊதலை வாயில் வைத்தாள். அடுத்து, கெட்டித் துணியைக் கிழிக்கிற மாதிரி நீளமாக ஒன்று. மேற்குச் சுவர் இடுப்பில் மடிந்து, உட்காருகிற மாதிரி இறங்கியது. தரை நடுங்கியது. டீக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. புழுதி எழும்பி வெயிலையே மறைத்துவிட்டது. அது அடங்கினபோது, லாரி நின்றிருக்க வேண்டிய இடத்தில் வீடு உயரத்துக்குப் பாறை கிடந்தது.

 எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். இரண்டு பேர் பார்க்கிற ஆசையில் குழிக்குள் ஓடப் பார்த்தார்கள். ஊதலை ஊதி ஊதி அவர்களை மடக்கினாள். "பாதிதானுங்க வந்திருக்குது, மீதி மேல தொங்குது, இக்கட்ட வாங்க!" அழுகிற குரல் மாதிரி இருந்தது. சாமுவேல் மண்டியிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அவர் பக்கத்திலேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

ஆபீஸ் ரூமிலிருந்து சென்னியப்பன் வெளியே வந்தார். லாரி போயிருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், சாமுவேலைப் பார்த்தார். மறுபடி உள்ளே போய், தான் உட்காருகிற நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. குழியைப் பார்த்தபடி அதைப் போட்டு, மேல்துண்டால் தூசு தட்டி, "உக்காருங்கம்மணி" என்றார்.

அவள் உட்காரவில்லை. அண்ணாந்து, சுவரின் மீதிப் பாதியைப் பார்த்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஒரு இடத்தில் போட்டாள், திரும்பி அண்ணாந்து பார்த்தாள். மறுபடி தூக்கினாள். கொட்டகையைத் தாண்டி, ரோட்டோரம் போய்ப் போட்டு, இன்னொரு தடவை சுவரைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி வந்து, இன்னும் குழியோரத்திலேயே நின்றுகொண்டிருந்த சென்னியப்பனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அதில் உட்கார வைத்தாள்.