ஒரு மணிக்கு ஜன்னலில் யார்?

வேலையில் சேர்ந்த அன்றே ஹெட் கிளார்க் சேஷாசலம் எனக்குச் சட்டம் சொல்லிவிட்டார். "மாதப்பா, ஒரு மணிக்கு மணி அடி. ரெண்டு மணிக்கு அடி. நடுவுல எவன் எங்க உக்காந்து திங்கறான்னு பாக்காத."

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், ரோடு வேலைக்காகப் போட்ட தகரக் கொட்டகைதான் ஆபீஸ். நான் அட்டெண்டர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, லாரியில் கிளீனராகவும் பெங்களூர் ஓட்டலில் சப்ளையராகவும் இருந்துவிட்டு வந்தவன். சிங்காரப்பேட்டைப் பக்கம் நிலம் உள்ள குடும்பம். அதனால் ஆபீஸ் தண்ணீர்ப் பானையைத் தொட என் கை ஆகும்.

முனிராஜின் கை ஆகாது. ராயக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில், ஊருக்கு வெளியே இருந்த தெருவில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் அவன். டெம்பரவரி கிளார்க். ஜல்லி வண்டிக்காரர்களுக்கு ஜன்னல் வழியாக நடைச்சீட்டு எழுதிக் கொடுப்பது அவன் வேலை. சேஷாசலமும், அவனைப் போலவே டெம்பரவரியாக இருந்த மற்ற இரண்டு கிளார்க்குகளும் உள்ளே மேஜையில் சோறு சாப்பிடுவார்கள். முனிராஜ் வெளியே தார் ட்ரம்களுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து களி சாப்பிடுவான். அவனுக்கு மட்டும் தனி டின்னில் தண்ணீர்.

ஒரு நாள் பெரிய இன்ஜினியர் ஜீப்பில் வந்தவர் இதைப் பார்த்துவிட்டார்.

"வாட் இஸ் திஸ்? இது கவர்ன்மென்ட் ஆபீஸ். நாளையிலிருந்து எல்லாரும் ஒரே மேஜை, ஒரே பானை. லஞ்ச் டைம்ல ஜன்னலையும் மூடக் கூடாது. வண்டிக்காரன் காத்துக் கிடக்கிறான்."

சேஷாசலம் எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" சொன்னார். தனி டின்னை அப்போதே தூக்கிப் போடச் சொன்னார்.

மறுநாள் முனிராஜ் சாப்பாட்டுத் தூக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு மேஜையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு கிளார்க்குக்கு வயிறு சரியில்லை. இன்னொருவருக்கு அன்று விரதம். மூன்றாம் நாள் மூன்று பேரும் ஆபீஸுக்கு எதிரே சேஷாசலம் வாடகைக்கு இருந்த வீட்டுக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வாசலில் நின்று சேஷாசலம் சொன்னார்: "முனிராஜு, நீதான் உள்ளயே சாப்பிடறியே, அப்படியே ஜன்னலையும் பாத்துக்க."

அதோடு அவன் சாப்பாடு போயிற்று. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சீட்டுக்கு வருவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். களியைச் சோறு மாதிரி ஸ்பூனில் எடுக்க முடியாது. கையால் கிள்ளி, சாற்றில் தொட்டு விழுங்க வேண்டும். ஒரு வாய் விழுங்குவான், கையைக் கழுவுவான், சீட்டு எழுதுவான். திரும்பி வரும்போது களி மேலே தோல் கட்டியிருக்கும். பாதி நாள் அப்படியே மூடி எடுத்துப் போவான்.

"யோவ், ட்ரம்முக்குப் பின்னாடி நிம்மதியா தின்னுக்கினு இருந்தயே" என்றேன்.

"அங்க எனக்கு ஒரு மணி நேரம் இருந்துச்சு. இங்க மேஜை இருக்குது" என்றான். "போவட்டும். அடுத்த மாசம் பெர்மனென்ட் ஆவுது. அதுவரைக்கும் வாயைத் தெறக்கக் கூடாது."

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள், ஒரு மணிக்கு மணி அடித்த கையோடு சேஷாசலம் என்னைக் கூப்பிட்டார். "வீட்ல தண்ணி இல்ல. பானையோட தூக்கிட்டு வா." ஆபீஸில் இருந்தது அந்த ஒரே பானை. கொண்டுபோய் மூன்று பேருக்கும் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

ஜீப் சத்தம் கேட்டுப் பானையோடு ஓடி வந்தபோது பெரிய இன்ஜினியர் உள்ளே நின்றுகொண்டிருந்தார். ஜன்னலில் நாலைந்து தலைகள். "சாமி, சீட்டு குடு சாமி" என்று ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான். முனிராஜ் எழுந்து நின்றிருந்தான். வலது கை முழுக்கக் களி. கழுவத் தண்ணீர் இல்லை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் அவருக்கு சலாம் வைத்தான்.

இன்ஜினியர் முகம் சிவந்தது. "இடது கையாலயா எனக்கு சல்யூட்?"

"சார், கையில…"

"மேஜையில உக்கார வச்சா இதுதான் மரியாதையா?"

நான் குறுக்கே போனேன். "பானைய நான் தூக்கிட்டுப் போயிட்டேனுங்க. அவரு கை கழுவ…"

"உன்னை நான் கேட்டேனா?"

அதற்குள் சேஷாசலம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். "சொல்லித்தான் பாக்கறேன் சார். பழக்கம் வரல" என்றார். அந்த மேஜையில் ஒரே ஒரு தூக்கு மட்டும் ஏன் இருக்கிறது, மற்றவர்கள் எங்கே என்று இன்ஜினியர் கேட்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த மாதம் மற்ற இரண்டு கிளார்க்குகளும் பெர்மனென்ட் ஆனார்கள். முனிராஜுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தூக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்காரர்களோடேயே நடந்து போனான். மறுநாளே மூன்று பேரும் மேஜைக்குத் திரும்பினார்கள். ஜன்னலைப் பார்க்க என்னை நிறுத்தினார்கள்.

பெரிய இன்ஜினியர் திரும்பவும் மத்தியானம் வந்தார். எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "குட். இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

சாயங்காலமே கணக்கை முடித்துக்கொண்டு ஜவளகிரிக்குப் போகும் லாரியில் ஏறினேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீஸ் பார்த்துவிட்டேன். புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் நாள் நாற்காலி, மேஜை, சாப்பிடும் இடம் எல்லாம் காட்டுவார்கள். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடும்போது ஜன்னலில் யார் உட்காருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். தினமும் ஒரே பெயரைச் சொன்னால், அந்த ஆபீஸைப் பற்றி வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.