பற்பசை தேய்த்த டாலர்கள்

என் அக்காள் புருஷன் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் "டாலர்". பாலம் திறந்தால் ஒன்று, தலைவர் பிறந்தநாளுக்கு ஒன்று என்று இந்த நாட்டு அரசாங்கம் நினைவு நாணயமாக டாலர் காசு வெளியிடும்போதெல்லாம் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். முப்பது வருஷத்தில் நாற்பத்தோரு வெள்ளி டாலர்கள் சேர்ந்தன.

ஞாயிறு காலையில் மேசைமேல் துண்டை விரிப்பார். பழைய பிரஷ்ஷில் பற்பசை தடவி, ஒவ்வொரு காசையும் முகம் தெரியும்வரை தேய்ப்பார். அத்தனை சிரத்தையாகத் தன் பல்லை அவர் தேய்த்து நான் பார்த்ததில்லை. "பளபளப்புக்குத்தான் விலை" என்பார். யார் சொன்னது என்று கேட்டால், "பொது அறிவு" என்பார்.

காசுகள் அடைத்து வந்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒன்று மட்டும் திறக்கவே வரவில்லை. தேய்க்க முடியாத காசு எதற்கு, துணிமேல் பாரமாக வைத்துக்கொள் என்று அக்காவிடம் தள்ளிவிட்டார். அவள் துணி வெட்டும்போது அளவுக் காகிதம் நகராமல் இருக்க அதை மேலே வைப்பாள். உள்ளே காசு கறுத்துப்போனது.

அக்கா வாயில் மிஞ்சியது ஐந்து பல். பல்செட் கட்டப் பணம் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"கொஞ்சம் பொறு. காசெல்லாம் விலை ஏறிக்கிட்டிருக்கு."

ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றுகொண்டே எட்டு வருஷம் பொறுத்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. போன மாதம் எல்லாக் காசையும் எடுக்கச் சொல்லி, இருவரையும் நாணயக் கடைக்குக் கிளப்பிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் பூதக்கண்ணாடி வழியே ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாவது காசில் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"ஐயா, இதத் தேய்ச்சீங்களா?"

"வாராவாரம்!" அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார்.

"அதான் கெட்டுது. அச்சடிச்ச அன்னிக்கு இருந்த முகத்துக்குத்தான் விலை. இதுல முழுக்கக் கீறல். வேணும்னா வெள்ளி எடைக்கு எடுத்துக்கறேன்."

எடைக்குப் போட்டால் கீழ்வரிசைப் பல்லுக்குக்கூடக் காணாது. அத்தான் பேயறைந்த மாதிரி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அவள் தயங்கித் தயங்கி டப்பாவை நீட்டினாள். "இது ஒண்ணு இருக்குங்க. கறுத்துப்போச்சு."

கடைக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "தானா கறுத்தா விலை குறையாது. இத யாரும் தொடலையே?"

"மூடியே திறக்கலீங்க."

அவர் சொன்ன விலையில் இரண்டு வரிசைப் பல்லும் வரும், அக்காவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் வரும்.

"நான்தான் அப்பவே பத்திரமா வைக்கச் சொன்னேன்" என்றார் அத்தான், வெட்கமே இல்லாமல்.

"துணி மேல வைக்கச் சொன்னீங்க" என்றாள் அக்கா.

மற்ற நாற்பதையும் விற்க மனமில்லாமல் அலமாரியில் பூட்டிவிட்டார். போன ஞாயிறு நான் போனபோது மேசைமேல் துண்டு மட்டும் விரிந்திருந்தது. அவர் கையில் பிரஷ். கண் அக்காவின் பல்செட் கிடந்த கண்ணாடி டம்ளர்மேல்.

"லேசா மஞ்சளா இருக்கே. தேய்ச்சுத் தரட்டுமா?"

அக்கா எட்டி எடுத்து வாயில் மாட்டிக்கொண்டாள்.

"தொட்டீங்கன்னா கடிச்சிடுவேன்."