பிரேக்கில் கால், நம்பரில் கண்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் பாதிச் சம்பளம் வேலைக்கு, மீதி உடம்பு வாங்கும் குலுக்கலுக்கு. மனைவிக்கோ மகனுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா? திடீர் வேகம் இரண்டு வகை: வண்டிக்கு வருவது, மனுஷனுக்கு வருவது.

மேட்டில் ஒரு தாவல்

என்னிடம் பழக வந்த மல்லிகா, ஜொகூர் தம்போய்க்காரர். தெப்ராவில் தொழிற்சாலை வேலை. ஆட்களை ஏற்றிவந்த வேனை நிர்வாகம் நிறுத்திவிட்டது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுக்காவிட்டால் வேலை போய்விடும். வீட்டில் சம்பாதிப்பது அவர் மட்டும்தான்.

மேட்டில் நிறுத்தி, "மெதுவா மிதிங்கம்மா" என்றேன். வண்டி எகிறிப் பாய்ந்தது. என் தண்ணீர் போத்தல் பின்சீட்டுக்குப் பறந்தது. மல்லிகா அசரவில்லை.

"நான் மெதுவாத்தான் மிதிச்சேன் சார். வண்டிக்குத்தான் அவசரம்லா."

ஆறா, எட்டா?

அடுத்த வாரம் பெரிய சாலை. ஓரத்தில் மூக்கு நசுங்கிய கார் ஒன்று. ஓட்டியவர் அடிபடாமல் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். விபத்துக் காரின் எண்ணை நாலு நம்பர் லாட்டரியில் கட்டுவது நம்மவர் பக்தி. மல்லிகா சடாரென்று பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரி மயிரிழையில் நின்றது. எனக்கு வந்த கோபத்தில் பாடத்தையே நிறுத்தியிருப்பேன். அதற்குள் லாரிக்காரர் இறங்கி வந்தார். அடி நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியை இறக்கினேன். அவர் குனிந்தார்.

"அண்ணே, கடைசி நம்பர் ஆறா, எட்டா? எனக்குச் சரியாத் தெரியல."

அதிகாரியின் கால்

சோதனை நாள். மேட்டில் வண்டி சமர்த்தாக ஏறியது. அடுத்து சாலை. பக்கத்தில் கண்டிப்புக்குப் பேர்போன ஒரு தமிழ் அதிகாரி. அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதித்தால் ஓட்டுபவர் தோல்வி.

மல்லிகா அழுதுகொண்டே திரும்பினார். வழியில் ஒரு விபத்துக் காராம். பல்லைக் கடித்துக்கொண்டு, நம்பரைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறார். வண்டி குலுங்கி நின்றதாம். மிதித்தது அதிகாரி, அவர் கழுத்து காருக்கு வெளியே இருந்ததாம்! நியாயம் கேட்டுவிடலாம் என்று நான் போனால், அதிகாரியே பக்கத்தில் வந்து மல்லிகாவிடம் குரலைத் தாழ்த்தினார்: "பாஸ் போட்டாச்சு. யாராவது கேட்டா, பூனை குறுக்க ஓடுச்சுன்னு சொல்லுங்கம்மா."

வேலை பிழைத்தது, எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர் தலை மறைந்ததும் மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நம்பர் பிளேட் போட்ட பூனையா சார்?"

லைசென்ஸுக்கு நம் காலைத்தான் சோதிக்கிறார்கள்; மனசையும் சோதித்தால் ஜொகூரில் எல்லாரும், அதிகாரியும் சேர்த்து, நடந்துதான் போக வேண்டும்.