பாஸ்கர் அண்ணன் மூன்று முறை படித்த புத்தகம்

போன வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் என் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வெளியே வந்துவிட்டது.

(வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து "சரிங்கண்ணா", "பாக்குறேங்கண்ணா" என்ற இரண்டை வைத்தே காலத்தை ஓட்டியவள் நான்.)

எங்களுடையது மரக்காணத்தில், ஈ.சி.ஆர். ஓரமாக, ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. ஹார்டுவேருக்கு மேலே சாஃப்ட்வேர் என்ற ஜோக்கை முதலாளி பாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

உப்பு வியாபாரிகளுக்கு லோடு பில் போட்டுத் தரும் புரோகிராம்தான் எங்கள் எல்லோருக்கும் சோறு போடுகிறது. அதை எழுதியவர் எங்கள் லீட் பாஸ்கர் அண்ணன்.

அந்தப் பில்லில் லைசென்ஸ் நம்பருக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். அது என் வேலை. சீசன் லாரிகள் வருவதற்குள் முடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் புரொபேஷன் நீளும்.

ஒரு வரி சேர்த்தேன். லாரி நம்பர் காணாமல் போனது.

அதை மீட்டுக் கொண்டுவந்தேன். டிரைவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உப்பின் எடை வந்து உட்கார்ந்தது.

(டிரைவர்: பதினெட்டு டன்.)

பழைய புரோகிராமின் கோடை (code) உடைக்காமல் மாற்றுவது எப்படி என்று ஒரு மெல்லிய புத்தகம் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஆனால் அந்தப் புரோகிராமை எழுதியவர் எதிர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். உங்கள் கோடுக்கு வைத்தியம் பார்க்கப் புத்தகம் வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான் பாய் மீட்டிங்கில் சொன்னார், "ஆபீஸுக்கு ஒரு புக்கு வாங்கலாம்னு இருக்கேன். இப்போதைக்கு ஒண்ணுதான். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

பாஸ்கர் அண்ணன் எழுந்துபோய்த் தன் மானிட்டருக்கு அடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை உருவினார். மானிட்டர் தலை குனிந்தது.

"சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்சர்னா இதுதான் பாய். இதோட ரெண்டாவது பாகம் வந்திருக்குது. அதையே வாங்கிடலாம்."

"நீ இத படிச்சிட்டியாப்பா?"

"மூணு தடவ படிச்சிட்டேன் பாய்."

பாய் அதைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம்." கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

விஷயம் தெரிந்த பக்கத்து சீட் ஷபீனா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். "சொல்லுடி." நான் சொல்லவில்லை. அவளே சொல்லிவிட்டாள். "பாய், செல்விக்கு வேற ஒரு புக்கு வேணுமாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறவர். உப்பு வாங்க வரும் புரோக்கர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குவியலின் மேல்பக்கத்தை அவர்கள் கண்டுகொள்வதே இல்லை. மேலே எல்லா உப்பும் வெள்ளைதான். பக்கவாட்டில் கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார்கள். நானும் புத்தகத்தை அப்படித்தான் பார்ப்பேன். முதல் அத்தியாயத்தை எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

அந்தப் பழக்கத்தில் வந்ததுதான் அந்த வாக்கியம்.

"அண்ணா, ரெண்டு புக்குலயும் நடுவுல ஒரு பக்கம் படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணலாமா?"

சத்தியமாக வேறு எந்த எண்ணமும் இல்லை.

பாய் தடித்த புத்தகத்தை நடுவில் திறக்கப் பார்த்தார். அது திறக்கவில்லை.

கடலோரக் காற்றில் வழவழப்பான தாள் புத்தகத்தை ஒரு மழைக்காலம் முழுக்க மூடியே வைத்திருந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாய்க்கும் தெரியும்.

"ஏம்பா பாஸ்கர், செங்கல்லு மாதிரி இருக்குதே. மூணு தடவையும் எப்படிப்பா படிச்ச?"

"பிடிஎஃப்ல படிச்சேன் பாய்."

"மூணு தடவையுமா?"

"...படிக்க ஆரம்பிச்சது மூணு தடவ பாய்."

ஷபீனா துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். போனால் போகட்டும் என்று விடக்கூடாதா பாய்?

"சரி, உன் புக்க நடுவுல தொறம்மா."

போனில் மாதிரிப் பக்கங்கள் இருந்தன. இங்கிலீஷில், சத்தமாக, எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இந்த இடத்தின் வெப்பநிலை தெரியும். ஒருவழியாகப் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்.

"பழைய கோட மாத்துறதுக்கு முன்னாடி, அது இப்ப என்ன பண்ணுதோ அத அப்படியே டெஸ்டா எழுதி வெச்சுக்கணுமாம் பாய். சரியா தப்பான்னு அப்புறம் பாத்துக்கலாமாம். மாத்துன பிறகு வேற எதாவது நகந்தா உடனே தெரிஞ்சிடும்."

பாய் தலையாட்டினார். "என் சம்சாரம் என்னை அப்படித்தான் வெச்சிருக்கா."

பாஸ்கர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "எந்தப் பழைய கோடுக்கும்மா இது?"

"லோடு பில்லுக்குண்ணா."

ஷபீனா என் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். பதினெட்டு டன் டிரைவரை அவர் பார்த்தார். பாயும் எட்டிப் பார்த்தார். "இந்தாளு ஏறுனா லாரி எங்கப்பா நகரும்?"

மெல்லிய புத்தகமே முடிவானது.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. நான் கை நீட்டுவதற்குள் பாஸ்கர் அண்ணன் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சரி, இதுவும் மானிட்டருக்கு அடியில்தான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை புத்தகத்தோடு வந்தார். பாதிக்கு மேல் பென்சில் கோடுகள்.

"ஏம்மா செல்வி, மோசமான கோடுன்னு இந்தாளு காட்டுற உதாரணம் எல்லாமே எங்கயோ பாத்த மாதிரி இருக்குது."

நான் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எனக்குத்தான் ராயல்டி தரணும்."

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். "வா, மொதல்ல அது இப்ப என்ன பண்ணுதுன்னு எழுதுவோம்."

நேற்று முடிந்தது. லைசென்ஸ் நம்பர் வந்துவிட்டது. லாரி நம்பர் அதன் இடத்திலேயே இருக்கிறது. டிரைவரும் மனிதராகிவிட்டார். நிரந்தரம் பற்றிப் பாய் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த புத்தகத்தை நான்தான் சொல்ல வேண்டுமாம்.

அதனால்தான் இந்தப் பதிவு. சின்ன டீமுக்கு உதவுகிற மாதிரி நல்ல ஆர்க்கிடெக்சர் புத்தகம் ஒன்று சொல்லுங்களேன். அதைப் படித்த பிறகு உங்கள் வேலையில் எதை மாற்றினீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பாஸ்கர் அண்ணன் கமெண்ட்டுகளைப் படிப்பார். அவரிடம் காட்டிவிட்டுத்தான் இதைப் போடுகிறேன்.

(செங்கல் என்ற வார்த்தையை மட்டும் எடுக்கச் சொன்னார். பாய் விடவில்லை.)