மேல் பாதியை யார் அழித்தது?

"மேல் பாதிய யாரு அழிச்சது?"

கண்ணைத் திறந்ததும் வைப்பர் அக்கா கேட்ட முதல் கேள்வி அதுதான். டிப்போ அறையில் இருந்த பதினோரு டிரைவர்களும் தரையைப் பார்த்தார்கள்.

பத்தொன்பது வருடமாகப் பஸ்களின் முன்கண்ணாடியைத் துடைப்பவள் அவள். வட்டம் வட்டமாகத்தான் துடைப்பாள். பட்டப்பெயர் வந்தது அப்படி. அன்று ஊழியர்களுக்கு உடல் தகுதிச் சோதனை. தேறாதவர்களுக்கு வேலை நிச்சயமில்லை என்று பேச்சு. பயிற்சி மருத்துவர் ஒரு சின்னப் பெண். சாக்பீஸைக் கொடுத்து, நேர அட்டவணை எழுதும் கரும்பலகையைக் காட்டினாள்.

"கண்ண மூடுங்க. இடுப்ப ஆட்டாம, கை எட்டுற வரைக்கும் பெரிய வட்டமா போடுங்க."

"என்கிட்டயா? நான் போட்ட வட்டத்தையெல்லாம் கோத்தா உலகத்தையே ஒரு சுத்து சுத்தலாம், கண்ணு!" என்று சிரித்துக்கொண்டே போட்டாள்.

பலகையில் இருந்தது வட்டமில்லை. நெஞ்சுக்குக் கீழே மாங்கொட்டை மாதிரி ஒரு கோடு.

"யாரும் அழிக்கலக்கா," என்றாள் மருத்துவர். "தோள்மூட்டு, கிண்ணத்துல பந்து உருள்ற மாதிரி சுத்தணும். உங்களுக்கு அது உறைஞ்சு போச்சு. இத்தன நாளா இடுப்பும் மணிக்கட்டும்தான் சுத்திருக்கு."

குளிருக்கு இழுக்குது என்று தைலம் தேய்த்து ஓட்டிய வலி அது.

வைப்பர் அக்கா நம்பவில்லை. விறுவிறுவென்று வெளியே போய், காலையில் தானே துடைத்த ஏழாம் நம்பர் பஸ்ஸைக் காட்டினாள். கண்ணாடி மேலே வரை பளபளத்தது. "பாரு! இத பின்ன யாரு தொடச்சா?"

ஏழாம் நம்பர் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். "நான்தாம்மா. மூணு வருஷமா. சொன்னா உன் மூஞ்சி தொங்கிப்போகும்னு..."

"நீ மட்டுமா?"

மற்ற பத்துப் பேரும் தங்கள் தங்கள் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் தினமும் தலை பின்னிவிடுவது பாசம் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! கணவர் உப்பு டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றியபோது, வயசானவருக்கு எட்டவில்லை போல என்று கேலி வேறு செய்தாளே! ஊருக்கே தெரிந்தது தன் தோளுக்குத் தெரியவில்லை.

மருத்துவர் படிவத்தோடு வந்தாள். "முழு வட்டம் வருதா, இல்லையா? ஒண்ண எழுதணும்."

"வருதுன்னு போடுங்க மேடம், மீதிய நாங்க பாத்துக்கறோம்," என்றார் டிரைவர்.

"நீ பாத்துக்கிட்டதாலதான்யா நான் பாக்காமப் போனேன்!" என்றாள் வைப்பர் அக்கா. "இல்லன்னு எழுதும்மா."

மூன்று மாதம் சிகிச்சை, பிறகு மறுசோதனை. அதிலும் தேறாவிட்டால் வேலை இல்லை.

மறுநாள் காலை வாளியை எடுப்பதற்கு முன்னால் பஸ் பஸ்ஸாக ஏறினாள். சீட்டுகளுக்கு அடியிலிருந்து வந்தவை பதினோரு துணிகள். எல்லாவற்றையும் டிரைவர்கள் கையிலேயே திணித்தாள்.

"தொடைக்கணும்னா என் கண்ணெதிர்ல தொடைங்க. என் கை எங்க நிக்குதுன்னு அப்பதான் எனக்குத் தெரியும்."