துறையூர் என்று சொன்னது நான்தான்

சிவலிங்கத்தார் பக்கத்து வீட்டு முன்னறைக்குக் குடிவந்த மழைக்காலத்தில், அவருடைய சட்டைக் கையிலிருந்து எப்போதும் உருகிய அரக்கின் மணம் வரும். நாவலப்பிட்டித் தபால் ‘கந்தோரில்’ பதிவுத் தபால்களுக்கு முத்திரை வைப்பவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள், அதிகம் பேசமாட்டார். எங்கள் வரிசை வீடுகளில் அதுவே அவரைச் சந்தேகிக்கப் போதுமானதாக இருந்தது.

“பேசாதவன் வயித்துல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?” என்பார் முத்தையா மாமா. அவர் அப்பாவோடு ஒரே புடவைக் கடையில் வேலை செய்தவர். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் பள்ளிக் கொப்பி அட்டைகளில் ‘தேன்மொழி’ என்று அழகாக எழுதித் தருவதும் அவர்தான்.

ஒருநாள் மாலை பள்ளிவிட்டு வந்த என்னைச் சிவலிங்கத்தார் படியில் நிறுத்தினார். “பிள்ளை, உங்கட அப்பாவின்ர சொந்த ஊர் எது?”

“துறையூர்” என்றேன். அது இந்தியாவில் தாத்தாவின் ஊர். அப்பா பிறந்தது இலங்கையில், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில்.

அடுத்த மாதம் அப்பாவைக் கண்டி அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்கு விசாரணைக்கு அழைத்துக் கடிதம் வந்தது. அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு எதிராக யாரோ பெயர் போடாமல் ‘பெட்டிசம்’ எழுதியிருந்தார்கள்: துறையூரில் பிறந்து கள்ளத்தோணியில் வந்தவர் என்று. அது நிலைத்தால் நாங்கள் மூவரும் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் படியில் கேட்கப்பட்ட கேள்வியை நான் சொன்னேன். முத்தையா மாமா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். “நான் சொல்லல?”

மறுநாள் வகுப்பில் நானே அவருக்குப் ‘பெட்டிசக்காரர்’ என்று பெயர் வைத்தேன். ஒரு வாரத்தில் தெரு முழுக்க அதுவே அவர் பெயராயிற்று. சாப்பாட்டுக் கடைக்காரர் அவருக்குச் சோறு இல்லையென்றார். யாரோ அவர் கதவில் சாணியடித்தார்கள். ஒருநாள் காலை கையில் பெட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“என்ன பிழை செய்தனான் எண்டு விளங்கேல்லை, தங்கச்சி. இடமாற்றம் கேட்டு வாங்கிப் போறன்.”

அம்மா கதவைச் சாத்தினாள். யன்னல் வழியே அவர் போவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

விசாரணைக்கு அப்பா, அம்மாவோடு நானும் கண்டிக்குப் போனேன். மடுல்கெல்லப் பிறப்புப் பதிவைப் பார்த்ததும் அதிகாரிக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பிறகு பெட்டிசத்தை மேசையில் விரித்து, “இந்தக் கையெழுத்து யாருடையது?” என்றார். ‘கடல்வழியே தோணியேறி’ என்றிருந்த வரியில் ‘ழி’யின் வால் இரண்டு சுற்றுச் சுருண்டிருந்தது. என் கொப்பி அட்டைகளில் அதே வாலைத்தான் தினமும் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். “தெரியாதுங்க” என்றார்.

திரும்பும் ரயிலில் நான் பேச்செடுத்தேன். “அப்பா, அது முத்தையா மாமா...”

“சும்மா இரு. யாரோ பேச்சக் கேட்டு எழுதியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன் இல்ல.”

கடையில் மாமாவுக்குக் கிடைக்காமல் அப்பாவுக்குப் பொறுப்பு கூடியது அந்த வருடம்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது. மாமா ஞாயிறுகளில் வந்துகொண்டுதான் இருந்தார். அம்மா சோறு போட்டாள். ஆனால் அவர் எழுந்து போகும்வரை அந்த அறையைவிட்டு நகரமாட்டாள். சிவலிங்கத்தார் கேட்ட காரணமும் பின்னால் தெரிந்தது. ‘ராமசாமி, நாவலப்பிட்டி’ என்று அப்பா பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி, துறையூரிலிருந்து பெரியப்பா போட்ட கடிதம் தபால் கந்தோரில் கிடந்திருக்கிறது. ஊரில் நாலைந்து ராமசாமிகள். எந்த ராமசாமி என்று அறியத்தான் கேட்டிருக்கிறார். அந்தக் கடிதம் எங்களுக்கு ஒழுங்காக வந்தும் சேர்ந்தது. அதையும் அவர் கேட்ட கேள்வியையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை.

அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டுமென்று நினைத்தேன். எழுதவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வரிசை வீடுகளை இடித்து மூன்று மாடிக் கடை கட்டியிருக்கிறார்கள். சிவலிங்கத்தாரைத் தெரிந்தவர் எவருமில்லை. உண்மை தெரிந்து இத்தனை வருடமாகியும், முத்தையா மாமா என்றால் எனக்கு முதலில் வருவது அவருடைய சிரிப்புத்தான். சிவலிங்கத்தாரை நினைத்தால் இன்னமும் ஒரு கணம் மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.