மூடியில் வைத்த பொட்டு

ஆயுத பூஜை வந்தால் ஊரே சந்தோஷமாகப் பொரி தின்கிறது. எனக்கு மட்டும் வயிறு எரிகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு வரிசையே வைத்திருக்கிறேன். வரிசையில் முதல் ஆள் நான்தான்.

அடையாறில் ஒரு டேட்டா சென்டரில் நானும் பாயும் ஃபைபர் கேபிள் வேலை பார்த்தோம். பாய் ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, வேலையில் என்னைவிடப் பக்காவான மெட்ராஸ் பாஷை. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை மிஷினில் வைத்து ஒட்டுவது அவர் வேலை. அவர் ஒட்டிய கேபிளுக்கு முன்பக்கப் பெட்டியில் ஒயரைச் செருகி லைன் கொடுப்பது என் வேலை. எங்களுக்கு ஒரே எதிரி தூசி. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் முனையில் உட்கார்ந்தால் போதும், வெளிச்சம் தடுமாறி லைன் விட்டுவிட்டு வரும். அதனால்தான் பெட்டியில் ஒயர் செருகாமல் காலியாக இருக்கிற ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கும். நாங்களே செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம்.

அந்த வருஷம் பூஜையன்று, "பெட்டிக் கதவுக்கு வெளிப்பக்கம் ஆளுக்கொரு பொட்டு வெச்சா போதும்ப்பா" என்று மேனேஜர் தெளிவாகத்தான் சொன்னார். பாய் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார். வருஷாவருஷம் அது அவர் பொறுப்பு, வேறு யாரையும் தொட விடமாட்டார். உள்ளே குங்குமக் கிண்ணம் என் கையில். கதவோடு நிற்க எனக்கு மனசு வரவில்லை. சோறு போடுகிற சாமான் ஆச்சே என்று பெட்டியைத் திறந்து, காலி மூடிகள் அத்தனைக்கும் பொட்டு வைத்தேன். சந்தனம் தீர்ந்துபோயிருந்தது. வெறும் குங்குமப் பொடியையே அப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு புது லைன் கொடுக்க வேண்டி வந்தது. பாய் பின்பக்கம் ஒட்டி, டெஸ்ட் பார்த்து, "சுத்தமா கீது நைனா, செருகு" என்றார். நான் மூடியைப் பிடுங்கிவிட்டு ஒயரைச் செருகினேன். செருகுமுன் துளைக்குள்ளும் துடைக்க வேண்டும். ஒயரின் முனையை மட்டும் துடைத்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன?

மறுநாளே லைன் வருவதும் போவதுமாக இருந்தது. கஸ்டமர் போனில் கத்தினார். மேனேஜர் பாயைக் கூப்பிட்டுவிட்டார். பாய் வந்து பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். பின்னாலேயே வந்த மேனேஜர், "கை வைக்காதீங்க, ரூமுக்கு வாங்க" என்றார். நானும் கூடப் போனேன்.

"உங்க கை சரியில்லையே பாய். வயசாயிடுச்சா? கண்ணு தெரியலையா?"

"வேணும்னா மறுபடி ஒட்டித் தரேன் சார்."

"ஒண்ணும் வேணாம். பாஸைக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

அந்த பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. அதைவிட மோசம் அந்தப் பேர். ஒட்டுகிறவனுக்குக் கை சரியில்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், இந்த ஊரில் எந்த டேட்டா சென்டரிலும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். இருபது வருஷக் கை அது! நான் கத்தினேன். "பாய் ஒட்டுனது இதுவரைக்கும் ஒண்ணு போனதில்ல சார், வேற எவனோ செஞ்ச வேலை இது" என்று மேஜையைத் தட்டினேன். பாய் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "வாய்ல கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்தீங்க? நான் ஒருத்தன் தொண்டை கிழிய கத்துறேன், நீங்க இன்னாடான்னா சாமி மாதிரி நிக்கிறீங்க!"

"உடு நைனா," என்றார். பஸ் பிடித்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை, பாயிடம் அரைகுறையாக ஒட்டக் கற்றிருந்த என்னையே அந்த இழையை மறுபடி ஒட்டும்படி அனுப்பினார்கள். ஒட்டுமுன் சும்மா ஒரு தடவை துடைத்துப் பார்ப்போம் என்று ஒயரை உருவி, துடைக்கிற குச்சியைத் துளைக்குள் விட்டேன். வெள்ளை முனை சிவப்பாக வெளியே வந்தது.

தூசிக்குப் பயந்து செருப்பைக் கழற்றுகிற எனக்கு, குங்குமமும் தூசிதான் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு தடவை துடைத்துச் செருகினேன். லைன் கல்லு மாதிரி நின்றது. எவனோ செஞ்ச வேலை என்று மேஜையைத் தட்டினேனே, அந்தக் கையை அங்கேயே உடைத்துப் போட்டிருக்கலாம்.

மத்தியானம் ராயப்பேட்டைக்கு வண்டியை விட்டேன். பாய் வீட்டு வாசலிலேயே நின்றார். குச்சியைக் காட்டினேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"நேத்தே தெரியும். மூடி பூரா செவப்பா கீது. எனக்குக் கண்ணு இல்லியா இன்னா?"

"தெரிஞ்சுமா பாய் பேசாம வந்தீங்க?"

"இன்னான்னு பேசறது? உங்க பூஜையாலதான் லைன் போச்சுன்னா? அந்த ரூம்ல நின்னுக்கினு நான் அதைச் சொன்னா வேற பேச்சா பூடும் நைனா. நீ சொன்னா அது வெறும் குங்குமம்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல பாய்!" என்று சீறினேன். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே வாழைக்கன்று கட்டுகிற மனுஷன், எங்களைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்று அவர்மேலேயே கோபப்பட்டேன். அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அதே வேகத்தில் திரும்பி, நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். குச்சியை மேஜைமேல் வைத்தேன். பொட்டு வைத்தது நான், துளையைத் துடைக்காமல் விட்டதும் நான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போகும் என்ற நினைப்போடுதான் நின்றேன்.

மேனேஜர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "அட, குங்குமமா! பக்தி ஜாஸ்தியாயிடுச்சுப்பா உனக்கு. துடைச்சிட்டேல்ல? விடு."

"திட்டுங்க சார். தப்பு என்னுது."

"போப்பா, போய் வேலையைப் பாரு. அவரை நாளைக்கு வரச் சொல்லிடு." டிராயரைத் திறந்து பாய் பாஸை என்னிடம் நீட்டினார். என் கை சரியில்லை என்று சொல்லவில்லை. எனக்குக் கண் தெரிகிறதா என்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து பாய்க்குப் போன் போட்டேன். பாஸ் என் கையில் இருக்கிறது, நாளைக்கு வாங்க என்றேன். பாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீ சொன்னப்போ அவரு இன்னா பண்ணாரு?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"சிரிச்சாரு பாய்."

"ம்," என்றார். "காலைல வந்துர்றேன்."